இன்னொரு தபா சொல்லுங்க

ஒருவர் பேசுவது உங்களுக்குப் புரியவில்லை. தப்பு யார் மேல்? பேசியவர் மேலா, கேட்ட உங்கள் மேலா?

பதில் சொல்ல அவசரப்படாதீர்கள். நானும் ரொம்ப நாள் இதற்குச் சட்டென்று ஒரு பதில் வைத்திருந்தேன். ஆரணிக்குப் போய் வந்த பிறகு அது கொஞ்சம் ஆட்டம் கண்டுவிட்டது.

சில வருடங்களுக்கு முன்பு எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் ஒரு பிரிட்டிஷ் தம்பதி குடியிருந்தார்கள். அந்தம்மாவுக்கு இங்கே ஒரு கம்பெனியில் வேலை. கணவர் ரிட்டயர்டு எஞ்சினீயர். அறுபது வயசு, நல்ல மனுஷர், லிஃப்ட்டில் பார்த்தால் வாய் நிறைய பேசுவார். பிரச்னை என்னவென்றால், அவர் பேசுவது ஒருத்தருக்கும் புரியாது!

நான் எம்.ஏ. ஆங்கில இலக்கியம். ஷேக்ஸ்பியரை எல்லாம் படித்துப் பாஸ் பண்ணியவன். ஆனால் ஷேக்ஸ்பியர் தேசத்திலிருந்து வந்த ஆள் 'குட்மார்னிங்'குக்கு அப்புறம் என்ன சொன்னாலும் சிரித்துத் தலையாட்டிவிட்டு நகர்ந்துவிடுவேன். அவருக்குச் சொந்த ஊர் இங்கிலாந்தின் வடகிழக்குக் கோடியில் இருக்கும் நியூகாசில். அந்த வட்டாரத்து மக்களை 'ஜோர்டி' என்பார்கள். வீட்டுக்குப் போகிறேன் என்பதை அவர்கள் 'கானின் யெம்' என்பார்கள். அவர் பேசுவது ஏதோ ஜப்பான் பாஷை என்றே எங்கள் வாட்ச்மேன் கடைசி வரை நம்பிக்கொண்டிருந்தார்.

ஒருநாள் அவர் ஒரு வங்கிக்கு ஃபோன் பண்ணியிருக்கிறார். எதிர்முனையில் நம்ம ஊர்ப் பெண். ஐந்து நிமிஷம் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சார், தயவுசெய்து இங்கிலீஷ்ல பேசுங்களேன்" என்று சொல்லிவிட்டதாம். இதை அவரே எனக்கு ஒரு காகிதத்தில் எழுதிக் காட்டி, வயிறு குலுங்கச் சிரித்தார். நானும் சிரித்தேன். ஒரு இங்கிலீஷ்காரரிடம் இங்கிலீஷில் பேசச் சொன்ன அந்தப் பெண்ணுக்கு ஒரு சபாஷ் போடலாம் என்றுகூடத் தோன்றியது. இருநூறு வருஷ பாக்கிக்கு வட்டி மாதிரி!

அவருக்குப் பட்டு நெசவு பார்க்க ஆசை. காஞ்சிபுரம் எல்லாரும் போகிற இடம், ஆரணிக்குப் போகலாம் என்று நான்தான் சொன்னேன். சென்னையிலிருந்து சுமார் 140 கிலோமீட்டர். காரில் போகிற மூன்று மணி நேரமும் அவர் பேசிக்கொண்டே வந்தார், நான் தலையாட்டிக்கொண்டே வந்தேன்.

ஊருக்குள் நுழைந்ததும் அவர் உற்சாகமாக ஏதோ சொன்னார். எனக்கு 'வாக்' என்ற ஒரு வார்த்தை மட்டும் தெளிவாகக் காதில் விழுந்தது. 'ஓ... மனுஷருக்குக் காலாற நடக்கணும் போல' என்று கூட்டிப்போனேன். பழைய கோட்டைப் பக்கம் நடந்தோம். '1751-ல் உங்க ஊர் ராபர்ட் கிளைவ் சண்டை போட்ட இடம் இந்த ஆரணி' என்று விளக்கினேன். கமண்டல நாகநதிப் பக்கம் நடந்தோம். ஆற்றில் தண்ணீரைவிட மணல்தான் அதிகம். பதினோரு மணி வெயில். அவர் முகம் தக்காளி மாதிரி சிவந்துவிட்டது. ஒரு மணி நேரம் கழித்து ஒரு மர நிழலில் உட்கார்ந்து, பாக்கெட்டிலிருந்து பேனாவை எடுத்து உள்ளங்கையில் எழுதிக் காட்டினார்.

அவர் கேட்டது 'வாக்' இல்லை, 'வொர்க்'. நடை இல்லை, வேலை. நெசவாளர்கள் வேலை செய்வதைப் பார்க்கணும் என்றுதான் காலையிலிருந்து கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். ஜோர்டி வாயில் 'வொர்க்' என்பது 'வாக்' மாதிரிதான் வருமாம். இதை வைத்து அவர்கள் ஊரிலேயே ஒரு பழைய ஜோக் உண்டு. கால் வலியோடு வந்த தொழிலாளிக்குக் கட்டுப் போட்டுவிட்டு, 'இப்ப நடக்க முடியுமா?' என்று டாக்டர் கேட்பார். 'வேலையா? நடக்கவே முடியலை, இதில் வேலைக்கு எங்கே போறது!' என்பான் அவன்.

அதை விடுங்கள். நான் யோசித்தது வேறு. ஒரு மணி நேரம் அந்த மனுஷரை வெயிலில் அலையவிட்டேனே, 'என்ன சொன்னீங்க, மறுபடி சொல்லுங்க' என்று ஏன் ஒரு வார்த்தை கேட்கவில்லை? கேட்டால், எம்.ஏ. படித்தவனுக்கு இங்கிலீஷ் புரியவில்லை என்று ஆகிவிடும். அதனால்தான். காது மந்தமில்லை. கௌரவம்!

ஒரு வழியாக ஒரு நெசவாளர் வீட்டுக்குப் போனோம். குழித்தறி. எழுபது வயதுப் பெரியவர் குழிக்குள் காலை விட்டு உட்கார்ந்து நெய்துகொண்டிருந்தார். பக்கத்தில் அவர் மனைவி தார் சுற்றிக்கொண்டிருந்தார். மிதியை மிதிக்க மிதிக்க, நாடா இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓட, அரக்கு நிறத்தில் ஜரிகை போட்ட புடவை விரல் விரலாக வளர்ந்துகொண்டிருந்தது.

நம்ம ஆள் குனிந்து பார்த்துவிட்டு ஏதோ கேட்டார். பெரியவர் தறியை நிறுத்தினார்.

"இன்னா சார் சொல்றாரு தொர?"

"எனக்கே சரியா புரியலைங்க ஐயா..."

"அதனால இன்னா? இன்னொரு தபா சொல்லச் சொல்லுங்க."

சொல்லச் சொன்னேன். அவர் சொன்னார். பெரியவர் அவருடைய வாயையும் கையையும் கண்கொட்டாமல் பார்த்தார். "இன்னொரு தபா" என்றார். மூன்றாவது தடவை பெரியவர் முகம் மலர்ந்தது.

"நூலு அறுந்து போனா இன்னா பண்ணுவேன்னு கேக்கறாரு சார்!"

அதேதான் கேள்வி! ஒரு வார்த்தை இங்கிலீஷ் தெரியாதவருக்குப் புரிந்துவிட்டது. பெரியவர் பாவிலிருந்து ஒரு இழையைப் பட்டென்று அறுத்தார். இரண்டு முனையையும் தேடி எடுத்தார். விரலால் ஒரு முறுக்கு. முடிந்தது. எங்கே அறுந்தது என்று எங்களால் கண்டுபிடிக்க முடியவில்லை.

"அறுந்தா, யாரு மேல தப்புன்னு பாத்துகினு இருந்தா சேலை ஆவுமா சார்? முடிச்சு போட்டுட்டுப் போய்க்கினே இருக்கணும்" என்றார்.

அவர் நூலைப் பற்றித்தான் சொன்னார். எனக்குத்தான் வேறு எங்கோ சுருக்கென்றது.

பெரியவருக்கு வீட்டு மொழி சௌராஷ்டிரம். ஆரணியில் தமிழ் நெசவாளர்களோடு சௌராஷ்டிர நெசவாளர் குடும்பங்களும் தலைமுறை தலைமுறையாக இருக்கிறார்கள். 'உங்களால எப்படி முடிஞ்சது?' என்று கேட்டேன். சிரித்தார். "சின்ன வயசுல பள்ளிக்கூடத்துல நான் தமிழு பேசினா பசங்க சிரிப்பாங்க, பட்டுநூல்காரன் தமிழுன்னு. சரின்னு சொந்தக்காரங்க கண்ணாலத்துக்கு மதுரைக்குப் போனா, அங்க நான் சௌராஷ்ட்ரம் பேசறதைக் கேட்டு அவங்க சிரிக்கறாங்க, இன்னாடா இது ஆரணி பாஷைன்னு! ரெண்டு பக்கமும் சிரிப்பு வாங்கினவனுக்குத்தான் சார் தெரியும், எதிர்ல நிக்கறவன் எப்படித் தவிக்கறான்னு."

இதை நான் மொழிபெயர்த்துச் சொன்னதும் நம்ம நியூகாசில்காரர் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அப்புறம் மெதுவாக, எனக்குப் புரிகிற மாதிரி நிறுத்தி நிறுத்திச் சொன்னார். இளைஞனாக லண்டனுக்கு வேலைக்குப் போனபோது அவருடைய பேச்சைக் கேட்டுச் சிரித்திருக்கிறார்கள். மீட்டிங்கில் வாயைத் திறக்கவே பயமாம். அப்புறம் அலுவலகத்துக்கு ஒரு நாக்கு, வீட்டுக்கு ஒரு நாக்கு என்று முப்பது வருஷம் ஓட்டியிருக்கிறார். 'ரிட்டயர் ஆன அன்னிக்குத்தான் என் நாக்கு எனக்குத் திரும்பக் கிடைச்சது' என்றார்.

நாம் என்னவோ இங்கிலீஷ்காரர்கள் எல்லாரும் பி.பி.சி. மாதிரி பேசுவார்கள் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். அந்த பி.பி.சி.யிலேயே 1941-ல் வில்ஃப்ரெட் பிக்கிள்ஸ் என்ற யார்க்‌ஷயர்காரரைச் செய்தி வாசிக்க விட்டார்கள். அவர் முடிக்கும்போது 'குட்நைட்' என்பதைத் தன் ஊர்ப் பேச்சில் 'குட் நீட்' என்றார். நேயர்கள் கோபித்துக்கொண்டு கடிதம் எழுதினார்கள். குண்டு மழைக்கு நடுவிலும் உச்சரிப்புதான் அவர்களுக்குக் கவலை! 2010-ல் ஸ்காட்லாந்து பி.பி.சி.யில் ஒரு நகைச்சுவைக் காட்சி வந்தது. குரலைக் கேட்டு இயங்கும் லிஃப்ட்டில் இரண்டு ஸ்காட்லாந்துக்காரர்கள் மாட்டிக்கொண்டு 'லெவன்... லெவன்...' என்று கத்துகிறார்கள். பதினொன்றாம் மாடி என்று அந்த மெஷினுக்குப் புரியவே இல்லை. உலகம் பூராவும் அதைப் பார்த்துச் சிரித்தது. சிரித்தவர்களில் பாதிப் பேருக்காவது அந்த அவஸ்தை தெரிந்திருக்கும்.

கவனித்தீர்களா? இங்கே ஒரு கணக்கு இருக்கிறது. இரண்டு பேருக்கு நடுவில் பேச்சு புரியாமல் போனால், யார் நாக்கை மாற்றிக்கொள்கிறார்? நியூகாசில்காரர் லண்டனுக்காக மாற்றிக்கொண்டார். ஆரணி நெசவாளர் பள்ளிக்கூடத்துக்காக மாற்றிக்கொண்டார். 2000-களின் தொடக்கத்தில் சென்னையிலும் பெங்களூரிலும் கால் சென்டருக்குப் போன நம் பிள்ளைகள் அமெரிக்காக்காரனுக்காக நாக்கை மாற்றினார்கள். சிலர் பேரைக்கூட மாற்றிக்கொண்டு ராத்திரி முழுக்க வேறு ஆளாக இருந்தார்கள். இப்போது அந்தச் சிரமம்கூட வேண்டாமாம். இவர்கள் பேசப் பேசவே உச்சரிப்பை மாற்றி எதிர்முனைக்கு அனுப்புகிற மென்பொருள் வந்துவிட்டது.

எப்போதும் கீழே இருப்பவர்தான் மாற்றிக்கொள்கிறார். மேலே இருப்பவர் மாற்றிக்கொள்வதில்லை. அவருக்கு வாயில் நுழையாவிட்டால் ஊர்ப் பெயரே மாறிவிடும்! தூத்துக்குடி 'டூட்டிகோரின்' ஆனதும், திருவல்லிக்கேணி 'டிரிப்ளிகேன்' ஆனதும் அப்படித்தான். நம்ம ஆரணி 'ஆர்னி' ஆயிற்று. களம்பூரில் இருக்கும் ரயில் நிலையத்துக்கு இங்கிலீஷில் இன்னமும் 'ஆர்னி ரோடு' என்றுதான் பெயர். 2020 ஜூனில் தமிழக அரசு 1,018 ஊர்ப் பெயர்களின் ஆங்கில எழுத்துக்களைத் தமிழ் உச்சரிப்புக்கு ஏற்ப மாற்றி ஆணை போட்டது. புது எழுத்துக்களைப் பார்த்து நாமே குழம்பினோம். சில நாளிலேயே வாபஸ். ஒரு தடவை வளைந்ததை நிமிர்த்துவது அவ்வளவு சுலபமில்லை.

எல்லா வெள்ளைக்காரரும் அப்படி இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். இத்தாலியிலிருந்து வந்த வீரமாமுனிவர் இலக்கியத் தமிழோடு நிற்கவில்லை. ஜனங்கள் தெருவில் பேசுகிற தமிழுக்கென்றே தனியாக ஒரு இலக்கணம் எழுதினார். அது 1738-ல் தரங்கம்பாடியில் அச்சானது. நம் பண்டிதர்கள் 'கொடுந்தமிழ்' என்று ஒதுக்கியதை அந்த மனுஷர் காது கொடுத்துக் கேட்டிருக்கிறார். காது கொடுத்து... எவ்வளவு அழகான சொல் பாருங்கள்! தமிழில் கேட்பது என்பதே ஒரு கொடை.

இந்த இடத்தில் ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும். நாம் காதால் மட்டும் கேட்பதில்லை. அமெரிக்காவில் டொனால்ட் ரூபின் என்ற பேராசிரியர் 1992-ல் ஒரு ஆய்வை வெளியிட்டார். மாணவர்களுக்கு ஒரு சொற்பொழிவின் ஒலிப்பதிவைப் போட்டுக் காட்டினார். பேசியது அமெரிக்கப் பெண்மணிதான். ஆனால் கேட்கும்போது ஒரு பகுதியினருக்கு வெள்ளைக்காரப் பெண்ணின் படத்தையும், இன்னொரு பகுதியினருக்கு ஆசியப் பெண்ணின் படத்தையும் காட்டினார். குரல் ஒன்றே. ஆசிய முகத்தைப் பார்த்தவர்களில் பலருக்கு அந்தக் குரலில் அந்நிய உச்சரிப்பு கேட்டது. பாடமும் அவர்களுக்குக் குறைவாகவே புரிந்தது.

இல்லாத உச்சரிப்பு எங்கேயிருந்து வந்தது? அவர்கள் மனசிலிருந்து.

அமெரிக்காவை விடுங்கள். நம் சினிமாவைப் பாருங்கள். 'இன்னாபா' என்று வடக்கத்திப் பேச்சு பேசினால் அவர் ரிக்‌ஷாக்காரர் அல்லது பிக்பாக்கெட். 'ஏலே' என்றால் அரிவாள். பாலக்காட்டுத் தமிழ் பேசினால் சமையல்காரர். எத்தனை காலமாக இப்படி ஒரு மனுஷனின் பேச்சைக் கேட்ட மாத்திரத்தில் அவன் யார் என்று முடிவு கட்டப் பழகியிருக்கிறோம்! தொல்காப்பியர் சொற்களை நாலு வகையாகப் பிரித்தபோது, அக்கம்பக்கத்து நிலங்களின் சொற்களுக்குத் 'திசைச்சொல்' என்று பெயர் கொடுத்து, சமமாகப் பக்கத்தில் உட்காரவைத்தார். அவர் சிரிக்கவில்லை.

சிரிப்போடு முடிந்தால்கூடப் பரவாயில்லை. பைபிளில் நியாயாதிபதிகள் புத்தகத்தில் ஒரு கதை வரும். தோற்று ஓடிவரும் எப்பிராயீமரை யோர்தான் நதித் துறையில் மடக்கி, 'ஷிபோலேத்' என்று சொல்லச் சொல்வார்கள். அவர்களுக்கு 'ஷி' வராது, 'சி'தான் வரும். 'சிபோலேத்' என்றால் வெட்டு. நாற்பத்திரண்டாயிரம் பேர் செத்ததாகச் சொல்கிறது அந்தக் கதை. பழைய காலம் என்று தள்ளிவிட முடியாது. 1983 ஜூலையில் கொழும்பில் கலவரக்காரர்கள் வழியில் போகிறவர்களை நிறுத்தி, வாளிக்குச் சிங்களத்தில் சொல்லும் 'பால்டிய' என்ற வார்த்தையைச் சொல்லச் சொன்னார்கள் என்று தப்பி வந்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். அதன் முதல் எழுத்து 'பந்து'வில் வரும் 'ப' இல்லை, 'பஸ்'ஸில் வரும் 'ப'. நாக்கு கொஞ்சம் தமிழாக இருந்தால் போதும், உயிர் போய்விடும்.

அப்படித் தப்பி வந்தவர்கள் நம்மிடம்தான் வந்தார்கள். தமிழ் பேசுகிற தேசத்துக்கு. நாம் எப்படிக் கேட்டோம்?

இதை எழுதலாமா வேண்டாமா என்று ரொம்ப யோசித்தேன். எழுதிவிடுகிறேன்.

1992 வாக்கில் எங்கள் பழைய வீட்டு மாடி காலியாக இருந்தது. வாசலில் 'வீடு வாடகைக்கு' என்று போர்டு தொங்கியது. ஒரு சாயங்காலம் ஃபோன் வந்தது. ஒரு அம்மாவின் குரல்.

"வணக்கம் ஐயா... உங்கட வீடு வாடகைக்கு இருக்கெண்டு போர்டில கண்டனாங்கள். வந்து பாக்கலாமோ?"

ராஜீவ் காந்தி கொலைக்கு அடுத்த வருஷம். அந்தத் தமிழைக் கேட்டாலே வீட்டுக்காரர்கள் பயந்த காலம். நானும் பயந்தேன்.

"என்னங்க? சரியா கேக்கலை" என்றேன்.

நன்றாகத்தான் கேட்டது.

அந்த அம்மா மறுபடி சொன்னார், மெதுவாக. "புரியலைங்க" என்றேன். மூன்றாவது தடவை அவர் தன் பேச்சையே விட்டுவிட்டார். பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாடம் வாசிக்கிற மாதிரி, "வீடு... வாடகைக்கு... இருக்கிறதா... ஐயா?" என்று புத்தகத் தமிழில் கேட்டார். எனக்காக அவர் தன் நாக்கைக் கழற்றிவைத்துவிட்டு, எங்கிருந்தோ ஒரு நாக்கைக் கடன் வாங்கி வந்திருந்தார். அதற்குமேல் ஒரு மனுஷியால் இறங்கி வர முடியாது.

"ஒண்ணும் புரியலைங்க" என்று ஃபோனை வைத்துவிட்டேன்.

வைப்பதற்கு முன்னால் எதிர்முனையிலிருந்து "பரவாயில்லை ஐயா" என்று கேட்டது. அதுவும் தெளிவாகத்தான் கேட்டது. முப்பது வருஷத்துக்கு மேலாகிறது. இன்னமும் கேட்கிறது.

முகாம்களின் பெயர்ப்பலகையை அரசாங்கம் 2021-ல் மாற்றியது. 'அகதிகள்' என்ற சொல்லை எடுத்துவிட்டு 'இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்' என்று வைத்தார்கள். நல்ல விஷயம்தான். ஆனால் என் மாதிரி ஆட்களின் காதுக்கு எந்த அரசாணை போட்டு என்ன செய்வது?

ஆரணியிலிருந்து திரும்பும்போது, காரில் இதையெல்லாம்தான் நினைத்துக்கொண்டு வந்தேன். நியூகாசில்காரரிடம் 'புரியலை' என்று சொல்ல வெட்கப்பட்டேன். அந்த அம்மாவிடம் புரிந்தும் 'புரியலை' என்று சொல்ல வெட்கப்படவில்லை. ஒன்றில் நான் என் கௌரவத்தைக் காப்பாற்றிக்கொண்டேன், இன்னொன்றில் என் வீட்டை. இரண்டிலும் எதிரில் இருந்த மனுஷர் நட்டாற்றில்.

பேசுகிறவருக்குக் கடமையே இல்லையா என்று நீங்கள் கேட்கலாம். நிச்சயம் உண்டு. நிதானமாகப் பேசணும், வந்த ஊரின் வார்த்தை நாலைக் கற்றுக்கொள்ளணும். நியூகாசில்காரர் மூன்று வருஷத்தில் 'போதும்' என்ற ஒரே ஒரு வார்த்தைதான் கற்றிருந்தார், அதுவும் சாப்பாட்டு மேஜைக்காக. அதை நான் குத்திக்காட்டியபோது ஒப்புக்கொண்டார். ஆனால் பிழைக்க வந்தவரும் தப்பி வந்தவரும் ஏற்கெனவே பாதி தூரத்துக்கு மேல் நடந்து வந்துவிடுகிறார்கள். மிச்ச தூரத்தைக் காது நடக்கணும். வசதியாக உட்கார்ந்திருப்பவரின் காது கொஞ்சம் கூடவே நடக்கணும்.

உங்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். நாளைக்கு உங்களுக்கும் ஒரு ஃபோன் வரும். பீகாரிலிருந்து கட்டட வேலைக்கு வந்த பையனாக இருக்கலாம். கடன் அட்டை விற்கிற, வேற்று மாநிலத்துப் பெண்ணாக இருக்கலாம். மருமகளாக வந்து உங்கள் சமையலறையில் வேறு ஊர்த் தமிழ் பேசுகிற பெண்ணாகவும் இருக்கலாம். 'புரியலை' என்று வாயில் வரும்போது, ஒரு விநாடி நின்று பாருங்கள். அது காதிலிருந்து வருகிறதா, மனசிலிருந்து வருகிறதா?

காதிலிருந்து வந்தால் பிரச்னையே இல்லை. அறுந்த நூலுக்கு முடிச்சு போடுகிற வித்தையை அந்தப் பெரியவர் சொல்லிக் கொடுத்துவிட்டார். 'இன்னொரு தபா சொல்லுங்க' என்றால் போதும்.

மனசிலிருந்து வந்தால்... எனக்கு வந்த அந்த ஃபோன் அப்புறம் வரவே இல்லை. உங்களுக்கு இன்னும் வரலாம்.